மூன்றாவது கட்டத்தில் எதை எழுதுவது: பௌதிகவியலா, விவசாயமா?

அக்காவின் கணவர் அத்தான், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து மகளையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து என் மேசையில் வைத்தது ஒரே ஒரு தாள். உயர்தர வகுப்பில் சேர்வதற்குப் பாடசாலை கொடுத்த படிவம். முதற் கட்டத்தில் உயிரியல், இரண்டாவதில் இரசாயனவியல் என்று என் பெறாமகளின் உருண்டைக் கையெழுத்து. மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"டொக்டருக்கு வேண்டாமாம். சித்தியைப் போல மருந்தாளராகத்தான் வர வேண்டுமாம்" என்றார் அத்தான், பழியை என் தலையில் போடுகிற குரலில். பழி என்னுடையதுதான். பாடசாலை விடுமுறையில் என்னோடு வந்து, வைத்தியசாலை மருந்தகத்தின் யன்னலுக்கு உட்பக்கம் நின்று, மாத்திரை உறைகளில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தவள் அவள். எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிகளுக்குக் காலை எது, இரவு எது என்று அப்படித்தான் காட்டுவோம்.

எங்கள் பக்கத்தில் உயிரியல் பிரிவுக்குப் போகிற எந்தப் பிள்ளையையும் ஊர் டொக்டர் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தால் மருந்தகவியல், இன்னும் குறைந்தால் வேறு ஏதாவது. இப்படி ஆறுதல் பரிசாக வந்து சேர்ந்தவர்கள்தான் என் வகுப்பிலும் பாதிப் பேர். நானும் அதில் ஒருத்தி. முதல் நாளே மருந்தாளர் என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு யாரும் ஆலோசனை தயாராக வைத்திருப்பதில்லை. ஆகவே அந்த வெற்றுக் கட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை பேசினோம். அங்கே பேசியதையும் பேச மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு யோசனைகளைத் தள்ளிவிடலாம். அத்தானின் தம்பி ஒரு பொறியியலாளர். பிள்ளை கணிதத்தில் கெட்டி, இணைந்த கணிதம் எடுக்கட்டும் என்றாராம். இரசாயனவியல் அந்தப் பிரிவிலும் இருக்கிறது என்பது அவருடைய வாதம். இருக்கிறதுதான். ஆனால் உயிரியல் இல்லாமல் மருந்தகவியல் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியாது. இரசாயனவியலில் விஞ்ஞானப் பட்டம் பெற்று மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்யலாம். மருந்தாளராகக் கையொப்பமிட முடியாது. மற்றது உயிர்முறைமைகள் தொழினுட்பம். 2013 இல் தொழினுட்பப் பிரிவு வந்த நாளிலிருந்து, பெயரில் 'உயிர்' இருப்பதால் பல பெற்றோர் இதை உயிரியலின் இலகுவான தம்பி என்று நினைக்கிறார்கள். அது வேறு வீதி. அந்த வீதியில் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடத்துக்குப் போகலாம், நல்ல வேலைகளுக்கும் போகலாம். மருந்தகத்துக்கு அது வந்து சேராது.

மிச்சம் இரண்டு. உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியல். அல்லது உயிரியல், இரசாயனவியலோடு விவசாய விஞ்ஞானம்.

விவசாயத்துக்கு அத்தான் வைத்த காரணங்கள் லேசானவை அல்ல. ஊர்ப் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர் இருக்கிறார். பிள்ளை வயல்காரக் குடும்பம். எள்ளும் நெல்லும் பார்த்து வளர்ந்தவள். பௌதிகவியலுக்கு மட்டக்களப்பு நகரத்துக்கு ரியூசன் போக வேண்டும், இரவு பஸ், பெண்பிள்ளை. எல்லாவற்றுக்கும் மேலாக, "விவசாயத்தில் புள்ளி அள்ளலாம், இசட் புள்ளி தானாக ஏறும்" என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கடைசிக் காரணம்தான் பிழை. அது பிழை என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது. இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) பிரிப்பது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: விவசாயத்தில் சராசரி 60, நியம விலகல் 10. நீ 70 எடுத்தால் உன் இசட் புள்ளி 1. பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 15. நீ 55 எடுத்தாலும் இசட் புள்ளி அதே 1. எல்லோருக்கும் இலகுவான பாடம் எல்லோரையும் சேர்த்துத்தான் தூக்கும். கூட்டத்திலிருந்து நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பதே கேள்வி. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அத்தான் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். கணக்கு என்றால் ஏற்றுக்கொள்வார்.

ஆனால் இந்த ஒப்பீட்டை முடித்து வைப்பது இசட் புள்ளி அல்ல. மருந்தகவியல் பட்டப்படிப்புக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். விவசாயத்தில் ஏ எடுத்தாலும் அந்தக் கதவு திறக்காது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் எந்தப் பாடங்கள் தேவை என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் பெறுபேறு வந்த பிறகு வாங்கிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். பாடம் தெரிவு செய்வதற்கு முன் பழைய வருடத்துக் கைந்நூலையாவது யாரிடமாவது இரவல் வாங்கிப் புரட்டினால், இரண்டு வருடத்தை வீணாக்காமல் தப்பலாம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பௌதிகவியல் எடுத்த பிள்ளை பிறகு மனம் மாறி விவசாய பீடத்துக்குப் போக விரும்பினால் வந்தாறுமூலையில் இடம் கேட்கலாம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் அங்கே ஏற்றுக்கொள்வார்கள். தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், மருத்துவம் எல்லாமே திறந்திருக்கும். விவசாயம் எடுத்த பிள்ளை மனம் மாறினால் திரும்பி வர வழியில்லை.

"பௌதிகவியலை வைத்து மருந்தகத்தில் என்ன செய்கிறாய்? கப்பி சுற்றுகிறாயா?" என்று கேட்டார் அத்தான். கப்பி சுற்றுவதில்லை. ஆனால் போன வாரம் நடந்ததைச் சொன்னேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து இன்சுலினுக்கு வருகிற ஒரு பெரியவர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. திறக்காத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஆகவே அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு குப்பி மட்டும்தான் கொடுப்போம். பாவனையில் இருக்கும் அந்தக் குப்பியை இந்த வெயிலில் எங்கே வைப்பது? ஒரு மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் இன்னொரு சிறு சட்டி, அதில் குப்பி, மேலே ஈரத்துணி, இருப்பது நிழலில். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மறை வெப்பம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் எழுதிப் பாடமாக்கியது அதுதான். 'குலுக்கிய பின் பாவிக்கவும்' என்று போத்தலில் ஏன் எழுதியிருக்கிறது, தூள் எவ்வளவு வேகத்தில் அடியில் படியும், திரவத்தின் பாகுத்தன்மை கூடினால் என்ன நடக்கும்: இதெல்லாம் ஸ்ரோக்ஸின் விதிதான். பெயர்தான் மாறியிருக்கிறது.

விவசாயத்துக்கும் நியாயம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பூச்சிகொல்லி குடித்து வருபவர்களைப் பார்க்காத வைத்தியசாலை இல்லை. எந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, எது பூச்சிக்கு, எது களைக்கு என்று தெரிந்த ஒருவர் மருந்தகத்தில் இருந்தால் அது பெரிய உதவி. அந்த அறிவை வயலிலும் பெறலாம் என்பதுதான் வித்தியாசம்.

இனி, பௌதிகவியலின் விலை. அதை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டை எழுதினால் நான் பொய் சொன்னவள் ஆவேன். மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும். முதல் தடவை எனக்கு உயிரியல் பி, இரசாயனவியல் பி, பௌதிகவியல் எஃப். அந்தக் காலத்தில் எங்கள் பாடசாலையில் முதல் இரண்டு தவணையும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. வந்தவர் பாடத்திட்டத்தின் நடுவிலிருந்து தொடங்கினார். பெறுபேறு வந்த அன்று அம்மா சமைக்கவில்லை. மூன்று தடவை எழுதலாம் என்பதால் அடுத்த வருடம் மறுபடி எழுதினேன், சி வந்தது. ஒரு வருடம் போனது. விவசாயம் எடுத்திருந்தால் அந்த வருடம் மிஞ்சியிருக்கும், இந்த வேலை இருந்திருக்காது. இரண்டையும் தராசில் போட்டு அவரவர்தான் நிறுக்க வேண்டும். பௌதிகவியல் என்றால் பிள்ளைக்கு உண்மையிலேயே கைகால் நடுங்குகிறது, சாதாரண தரக் கணிதத்தில் சமன்பாடு என்றாலே ஓடுகிறாள் என்றால், விவசாயத்தை எடுத்து விவசாயத்திலேயே சந்தோசமாகப் போகட்டும். மருந்தாளர் கனவோடு விவசாயத்தை எடுப்பதுதான் கூடாது.

இரண்டாவது கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரசாயனவியல் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே. என்னைக் கேட்டால் அந்தக் கட்டத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருக்க வேண்டும். பெறாமகளிடம் ஒரு பழைய அஸ்பிரின் போத்தலைக் கொடுத்து மணந்து பார்க்கச் சொன்னேன். "வினாகிரி மணக்கிறது சித்தி" என்றாள். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரம் போத்தலுக்குள் போய்விட்டது. அஸ்பிரின் ஓர் எசுத்தர்; ஈரம் பட்டால் நீர்ப்பகுப்பு அடைந்து சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிரியும். அசற்றிக் அமிலம்தானே வினாகிரி. மாத்திரை பார்வைக்கு வெள்ளையாக அப்படியே இருக்கும், வேலை செய்யாது. அவள் மூடியைத் திறந்து மறுபடியும் மணந்தாள். பிறகு, மற்ற மாத்திரைகளுக்கு ஏன் அப்படி ஆவதில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சேதன இரசாயனத்தை வெறும் தாக்கங்களின் பட்டியலாக மனனம் செய்கிற பிள்ளைக்கு நான்கு வருட மருந்தகவியல் நரகம். இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அது கதை.

உயிரியல் எடுக்கிற பிள்ளைகள் கணிதத்துக்குச் சாதாரண தரத்தோடு விடை கொடுத்துவிடுகிறார்கள். பாடமாக அது தேவையில்லைதான். ஆனால் மருந்தகத்தில் நாள் முழுவதும் நடப்பது ஆறாம் வகுப்பு விகிதசமக் கணக்கு. பிழைவிட்டால் மட்டும் அது ஆறாம் வகுப்புப் பிழையாக இருக்காது. பன்னிரண்டு கிலோ நிறையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல். பரசிற்றமோல் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். ஒரு வேளைக்கு எத்தனை மில்லிலீற்றர்? 180 மில்லிகிராம் வேண்டும், ஆகவே ஏழரை. அத்தான் ஒன்பது என்றார். பெறாமகள் சொல்லாமல் கடதாசியில் எழுதிக் காட்டினாள், ஏழரை.

எந்தப் பாடசாலை என்ற கேள்வி பாடத்தைவிடச் சிக்கலானது. விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் உண்டு. வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் கல்முனை, களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு நகரம் என்று ஏதோ ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். படுவான்கரைப் பிள்ளைக்கு அப்படி இல்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வகுப்புக்கு வந்தார்கள்; காற்றடித்தால் அன்று பாடம் இல்லை. பாலம் வந்த பிறகும் கடைசி பஸ் கடைசி பஸ்தான். ஆசிரியர் இல்லாத அருகிலுள்ள பாடசாலையா, ஆசிரியர் இருக்கிற தூரத்துப் பாடசாலையா என்றால், மாமி வீடோ சித்தி வீடோ நகரத்தில் இருந்தால் நான் இரண்டாவதைச் சொல்வேன். படிவம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் போய், இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பௌதிகவியலுக்கு இந்தத் தவணை யார் வருகிறார்? பெயர் உடனே வந்தால் சேர்க்கலாம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தால் திரும்பி வாருங்கள்.

தமிழ் மொழிமூலமா ஆங்கில மொழிமூலமா என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ஆங்கிலத்தில் நன்றாகக் கற்பிக்கக்கூடிய ஆசிரியர் இல்லாத இடத்தில் ஆங்கில மொழிமூலம் எடுப்பது, நீச்சல் தெரியாதவர் பின்னால் வாவிக்குள் இறங்குவது போல. தமிழில் தெளிவாக விளங்கிக்கொண்டதை ஆங்கிலத்தில் மறுபடி சொல்லப் பழகலாம். ஆனால் அந்தப் பழக்கத்தைப் பல்கலைக்கழகம் போகும்வரை தள்ளிப்போடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் முதல் வாரம் விரிவுரையாளர் 'சொலுபிலிட்டி புரொடக்ட்' என்று ஒரு மணிநேரம் பேசினார். கரைதிறன் பெருக்கத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்கு மறுநாள்தான் விளங்கியது. மருந்தகவியல் முழுவதும் ஆங்கிலத்தில்தான். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பிலேயே குறிப்புக் கொப்பியின் ஓரத்தில், நொதியத்துக்குப் பக்கத்தில் என்சைம் என்று ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டு போகட்டும்.

பத்தாம் வகுப்பில் தொகுதிப் பாடம் தெரிய இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் எப்படியும் எல்லோருக்கும் உண்டு. முதலாம் தொகுதியில் இரண்டாம் மொழியாகச் சிங்களத்தை எடுத்தால் நல்லது. அரச மருந்தாளருக்கு முதல் நியமனம் எந்த மாவட்டத்திலும் வரலாம். முதல் நாள் யன்னலில் நின்று, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் விரல்களைக் காட்டியவள் நான். மூன்றாம் தொகுதியில் தகவல் தொழினுட்பமோ சுகாதாரமோ, பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அது. அதில் ஒன்றும் குடி முழுகாது.

பட்டப்படிப்பு மட்டும்தானா வழி என்றும் பேச்சு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தகவியல் இருக்கிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு பீடத்துக்கு மருத்துவத்துக்கும் தாதியியலுக்கும் போகிறார்கள். மருந்தகவியல் என்றால் பெட்டி கட்டத்தான் வேண்டும். அது தவிர, சுகாதார அமைச்சு உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களிலிருந்து பயிலுநர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து மருந்தாளராக்குகிறது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளைக்கு அது நல்ல வழி. வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படிக்கும்போதே கொடுப்பனவும் கிடைக்கும். மேற்படிப்பு, விரிவுரையாளர் வேலை, மருந்து நிறுவனம் என்று விரிந்து போக நினைத்தால் பட்டம்தான் தோது.

கல்முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அத்தானின் கூட்டாளி ஒருவர், "எதற்கு இவ்வளவு படிப்பு? என் கடையில் இரண்டு வருடம் நின்றால் எல்லா மருந்தும் அத்துப்படி" என்றாராம். பெட்டியின் நிறத்தைப் பார்த்து மருந்து எடுக்கப் பழகலாம், அது உண்மை. இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த மருந்தாளர் இல்லாமல் மருந்தகம் நடத்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சுவரில் ஒருவருடைய சான்றிதழ் தொங்க, கடைக்குள் வேறொருவர் மருந்து கொடுப்பதை ஊரெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்த வேறொருவராக என் பெறாமகள் நிற்க வேண்டாம். இந்தியாவில் படிக்க வைக்கலாம் என்று நினைப்பவர்களும், அந்தப் பட்டத்துக்கு இங்கே பதிவு கிடைக்குமா என்று மருத்துவ சபையிடம் முதலில் கேட்டுவிட்டுக் காசைக் கட்டட்டும்.

வெட்டுப்புள்ளி விடயத்தில் எங்கள் பிள்ளைகள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். கொழும்பு மாவட்டத்தின் இலக்கத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு மனம் உடைந்து போகிறார்கள். அனுமதியில் நாற்பது வீதம் நாடளாவிய திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கு, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கில் எடுக்க வேண்டிய விடயம். அதுபோல, களுவாஞ்சிக்குடியிலிருந்து தெற்கே போய்ப் பெரியநீலாவணையில் எல்லையைக் கடந்தால் வேறு மாவட்டம், வேறு வெட்டுப்புள்ளி. மச்சாளுக்கு அங்கே கிடைத்தது, எனக்கு இங்கே ஏன் கிடைக்கவில்லை என்று அழுவதில் அர்த்தமில்லை.

இரவு அத்தான் புறப்படும்போது பெறாமகள் படிவத்தை எடுத்து மூன்றாவது கட்டத்தில் பௌதிகவியல் என்று எழுதினாள். பென்சிலால் எழுதினாள். "ஏன் பிள்ளை, பேனா இல்லையா?" என்று கேட்டார் அத்தான். சனிக்கிழமை நகரத்தில் ஒரு சேரின் வகுப்பு இருக்கிறது, ஒரு நாள் பின் வாங்கில் இருந்து பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேனாவால் எழுதுகிறேன் என்றாள். அஸ்பிரின் போத்தலையும் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள், இரசாயனவியல் ரீச்சருக்குக் காட்ட வேண்டுமாம்.